பாலில்லாத சீஸுக்குப் பால் காய்ச்சினோம்

போன மாதம் எங்கள் கம்பெனியிலிருந்து இரண்டு பெண்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். ஆண்டு விழாவில் நான் மேடையேறி நாலு வார்த்தை பேச வேண்டும் என்று பாய் சொல்லி அனுப்பியிருந்தார். பாய் என்பது எங்கள் முதலாளி. கள்ளக்குறிச்சியில் அவர் குடும்பம் அந்தக் காலத்திலிருந்தே வெண்ணெய், நெய் வியாபாரம். எனக்குக் கூட்டத்தைப் பார்த்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். என் கல்யாணப் போட்டோவில்கூட என் உச்சந்தலைதான் தெரியும். அதனால் எழுதித் தருகிறேன், யாராவது படித்துக்கொள்ளுங்கள் என்றேன். அஞ்சாவது வரைதான் படித்தேன். கையெழுத்து கோணலாக இருக்கும், விஷயம் கோணல் இல்லை.

கிளம்பும்போது அவர்களில் ஒரு பெண் கேட்டாள்: "பெரிம்மா, பால் சீஸு சத்தா, பாலில்லாத சீஸு சத்தா? கடைக்காரங்க கேக்குறாங்க. இன்னா சொல்றதுன்னே தெரில."

சரி, இதைத்தான் எழுதுவது என்று முடிவு செய்தேன். இதற்குப் பதில் எனக்குத் தெரியும். சுலபமாகத் தெரிந்துகொள்ளவில்லை, அவ்வளவுதான்.

நான் சேர்ந்தபோது அது வெண்ணெய்க் கம்பெனி. சின்னசேலம் ரோட்டில் ஓட்டுக் கட்டடம். பால் கேன் கழுவ எடுத்தார்கள். கேன் கழுவி, பிறகு வெண்ணெய் கடைகிற இடம், பிறகு பன்னீர். பீட்சா கடைகள் நம் பக்கம் வர ஆரம்பித்ததும் பாய் சீஸ் போட்டார். சேலத்திலிருந்து ஆள் வந்து ஆறு மாதம் சொல்லிக் கொடுத்தார். உறை ஊற்றின பாலைக் கத்தியால் கட்டம் கட்டமாக அறுப்பது, தெளிவுத் தண்ணீரை வடிப்பது, திரண்டதைச் சுடுதண்ணீரில் போட்டுக் கையால் இழுத்து இழுத்து மடிப்பது. முதல் மாதம் விரல் நுனியெல்லாம் வெந்து போயிற்று. அப்புறம் பழகிவிட்டது. பத்து லிட்டர் பால் ஊற்றினால் ஒரு கிலோ சீஸ் வரும். பாலில் உள்ள புரதமும் சுண்ணாம்புச் சத்தும் பெரும்பாலும் அந்த ஒரு கிலோவுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதை எனக்குச் சொன்னது பரிமளா மேடம்.

மேடத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. லேப் அவர் பொறுப்பு. சேலத்திலிருந்து தினம் ரயிலில் சின்னசேலம் வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஒருநாளும் குரல் உயர்த்தியது கிடையாது. நாம் எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்: "பார்த்ததா, நெனச்சதா?" பால் புளித்துவிட்டது மேடம் என்றால், பார்த்ததா, நெனச்சதா. தண்ணீர் சூடாகத்தான் இருந்தது என்றால், பார்த்ததா, நெனச்சதா. சில பெண்கள் அவர் முதுகுக்குப் பின்னால் அதையே சொல்லிக் கிண்டல் செய்வார்கள். மதியச் சோற்றில் உப்பு இல்லை என்று ஒருத்தி சொன்னால் மற்றவள், "பார்த்ததா, நெனச்சதா?" என்பாள். எல்லோரும் சிரிப்போம். ஆனால் தெர்மாமீட்டர் பார்க்காமல் மேடத்திடம் போய் நிற்கிற தைரியம் எங்களில் யாருக்கும் வரவில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் பாய் பாலில்லாத சீஸ் போடலாம் என்றார். சென்னையிலும் பெங்களூரிலும் வீகன், அதாவது பாலே தொடாத சாப்பாடு, என்று கேட்கிறார்களாம். கல்வராயன் மலையிலிருந்து குச்சிக்கிழங்கு, அதுதான் மரவள்ளி, லாரி லாரியாக இறங்குகிற ஊர் இது. சுற்றிலும் ஜவ்வரிசி போடுகிற சேகோ மில். கிழங்கு மாவுக்குப் பஞ்சமே இல்லை. சாமான் இவ்வளவுதான்: கிழங்கு மாவு, தேங்காய் எண்ணெய், தண்ணீர், உப்பு, கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் மணம். முதலில் மேடம் செய்து பார்த்தார். மாவு கட்டி கட்டியாக நின்றது. மூன்று தடவை கொட்டினார். நாலாவது தடவை நான் பக்கத்தில் போய், "பச்சத் தண்ணியில கரைச்சுட்டு அப்புறமா அடுப்புல வைங்க மேடம், கூழு காச்சற மாதிரி" என்றேன். இருபது வருடத்தில் அவர் கேட்காமல் நானாக அவரிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன். அவர் கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து அந்தச் சீஸ் என் வேலை. கரைத்த மாவு பளபளவென்று திரளும்போது எண்ணெயை நூல் மாதிரி விட வேண்டும். களி கிண்டுகிற கைதான் வேண்டும், வேறு வித்தை இல்லை. ஓரத்தை விட்டுக் கழன்று வரும்போது அச்சில் ஊற்றி, ஆற வைத்து, மறுநாள் எடுத்து நாலு பக்கமும் ஓரத்தை வெட்டிச் சதுரமாக்குவோம். பார்ப்பதற்குப் பால் சீஸ் மாதிரியே வெள்ளை. சூடான தோசைக் கல்லில் போட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். பால் சீஸ் நூல் நூலாக இழுக்கும், அடியில் செந்தோல் பிடிக்கும். இது பசை மாதிரி இளகி, சுற்றிலும் எண்ணெய் விடும். அந்த இழுவை புரதத்தின் வேலை.

மேடம் அதையும் காட்டினார். இரண்டு கண்ணாடிக் குழாய். ஒன்றில் பால் சீஸ் துணுக்கு, இன்னொன்றில் இந்தப் புதுச் சீஸ் துணுக்கு. இரண்டிலும் காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீர் விட்டு நன்றாகக் குலுக்கினார். பிறகு நீல நிற மயில்துத்தக் கரைசல் இரண்டு சொட்டு. புரதம் இருந்தால் நிறம் மாறும் என்றார். பால் சீஸ் குழாய் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது. புதுச் சீஸ் குழாய் நீலமாகவே நின்றது. கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தோம். நீலம்தான்.

"நூறு கிராம் பால் சீஸில் மூணு முட்டைக்கு மேல புரதம் இருக்கு, அஞ்சலைம்மா. இதுல கிட்டத்தட்ட ஒண்ணும் இல்ல. சுண்ணாம்புச் சத்தும் நாம சேர்த்தால்தான் உண்டு" என்றார். அந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதிப் பாக்கெட்டின் பின்பக்கம் அச்சடிக்கக் கொடுத்தார்.

அச்சாகி வந்தது. பின்பக்கம் மேடம் எழுதியது இருந்தது, இங்கிலீஷில், எறும்பு அளவு எழுத்தில். முன்பக்கம் பச்சைக் கலரில் பெரிதாக, "சுவையிலும் சத்திலும் பாலுக்கு நிகர்" என்று இருந்தது. அச்சகத்துக்காரர் அழகுக்குப் போட்ட வரி. மேடம் பாயிடம் ஒரு தடவை சொன்னார். எல்லாரும் இப்படித்தானே போடுகிறார்கள், அடுத்த தடவை மாற்றிக்கொள்ளலாம் என்றார் பாய். நான் அந்த வரியைப் படித்தேன். நீலக் குழாய் ஞாபகம் வந்தது. நமக்கென்ன, கிண்டுவது நம் வேலை என்று போய்விட்டேன்.

இப்போது சித்ராவைச் சொல்ல வேண்டும். வடக்கனந்தல் பெண். புருஷன் கரும்பு வெட்டுக்குப் போகிறவர். எங்களிடம் பாக்கெட் போடுகிற இடத்தில் இருந்தாள். லேபிள் ஒட்டுவதில் அவளை அடிக்க ஆள் இல்லை, ஒரு சுருக்கம் விழாது. வெட்டின ஓரத் துண்டுகளை வேலைக்காரர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று பாய் சொல்லியிருந்தார். பெரும்பாலும் பால் சீஸ் ஓரத்துக்குத்தான் போட்டி இருக்கும். சித்ரா மட்டும் பாலில்லாத ஓரத்தை எடுத்து வைத்துக்கொள்வாள். அவள் மகள் யாழினிக்கு மூன்று வயது, பால் பட்டாலே உடம்பெல்லாம் தடித்துப் போகும் என்று சொல்லியிருக்கிறாள். அதற்கு மேல் நான் கேட்டதில்லை.

மூன்று மாதத்தில் கிராக்கி கூடியது. பாய் பெரிய ஸ்டீல் தொட்டி ஒன்று வாங்கினார். அடியில் குழாய் வைத்தது, ஒரே தடவையில் நாற்பது கட்டி போடலாம். தொட்டி வந்த அன்று மேடம் ஏதோ சாம்பிளோடு சேலத்தில் இருந்தார். காலையில் பாய் ஓதி முடித்துவிட்டு, "உங்க வழக்கம் எதுனா இருந்தா நீங்களும் செஞ்சிடுங்க, குறை வெக்காதீங்க" என்றார்.

புதுப் பாத்திரம், புது அடுப்பு என்றால் எங்களுக்கு என்ன வழக்கம்? பால் காய்ச்சுவதுதான். புது வீட்டிலும் அதுதான், புதுக் கடையிலும் அதுதான். தொட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தோம். நான்தான் மூத்தவள், என் கையால் பாலை ஊற்றினேன். சித்ரா கற்பூரம் காட்டினாள். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்தோம். சுடுதண்ணீர் விட்டுத் தொட்டியைக் கழுவினோம். பிறகு மாவைக் கரைத்து முதல் கிண்டு கிண்டினோம். பாலே ஆகாதவர்களுக்காகப் போடுகிற சீஸ் அது. எட்டுப் பெண்கள் இருந்தோம். ஒருத்திக்கும் உறைக்கவில்லை. பால் என்பது அந்த நேரம் எங்களுக்குச் சாமான் இல்லை, சாமி காரியம்.

மறுநாள் கட்டிகளை வெட்டினோம். சித்ரா ஓரத்தை எடுத்துக்கொண்டு போனாள். அதற்கு மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் வந்து சொன்னாள். பிள்ளைக்குத் தோசையில் துருவிப் போட்டுக் கொடுத்தாளாம். கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, மேலெல்லாம் தடித்து, வாந்தி. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். ஊசி போட்டார்கள், இப்போது பரவாயில்லை, படுக்க வைத்திருக்கிறார்கள் என்றாள்.

மேடம் எங்களை வரிசையாக நிற்க வைத்தார். குரல் உயரவில்லை.

"மூணு மாசமா சாப்பிட்ட பிள்ளைக்கு இப்ப ஏன் வந்தது? புதுசா என்ன செஞ்சீங்க?"

மஞ்சள் குங்குமம் தொட்டிமேல் அப்படியே இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் பேசாமல் இருந்திருந்தால் வேறு யாராவது சொல்லியிருப்பார்கள், அல்லது வெளியே வராமலே போயிருக்கும். எட்டுப் பேரில் யார் ஊற்றியது என்று எழுதியா இருக்கிறது?

"பால் காச்சினோம் மேடம்" என்றேன். "நான்தான் ஊத்துனேன்."

"அதுக்கப்புறம் கழுவினீங்களா?"

"சுடுதண்ணி ஊத்திக் கழுவினோம்."

"அடிக்குழாயைக் கழட்டினீங்களா?"

"இல்லீங்க மேடம்."

அவரே குனிந்து கழற்றினார். உள்ளே ரப்பர் வளையத்துக்குப் பின்னால் விரல் நகம் அளவு பால் ஏடு ஒட்டியிருந்தது. அதை ஒரு தட்டில் வைத்து எல்லோருக்கும் காட்டினார். திட்டவில்லை. அந்த நாற்பது கட்டியில் ஒன்றும் வெளியே போகக்கூடாது என்று தனியே எடுத்து வைக்கச் சொன்னார். இனி அந்தத் தொட்டிப் பக்கம் பால் பாத்திரம், பால் கத்தி, பால் துணி எதுவும் வரக்கூடாது என்றார். அது இன்றைக்கும் நடக்கிறது. இரண்டு கதவு, இரண்டு ஏப்ரன் ஏன் என்று கேட்கிறீர்களே, அதற்குக் காரணம் இதுதான்.

மதியத்துக்கு மேல் நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. வீக்கம் வடிந்திருந்தது. நான் அந்தப் பிள்ளையை அதற்கு முன் பார்த்ததில்லை. மூன்று வயது என்று சொல்லியிருந்தார்கள். பார்த்தால் இரண்டுகூடச் சொல்ல முடியாது. மணிக்கட்டு என் பெருவிரல் தடிமன்.

தப்பு என்னுடையது என்று சித்ராவிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நானுந்தானக்கா கற்பூரம் காட்டுனேன். நம்ம புத்தி எங்க போச்சுன்னு தெரில. வுடுங்க. நாளையிலேர்ந்து வேற கட்டியில ஓரம் எடுத்துக்கினு வரேன். அது இல்லன்னா இவளுக்குப் பாலுக்கு எங்க போறது?"

வேறு என்ன கொடுக்கிறாய் என்று கேட்டேன். பால் சேராததால் முட்டையும் சேராதோ என்று பயந்து, அங்கன்வாடியில் கொடுக்கிற முட்டையைக்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். காலையில் தோசையும் சீஸும். மதியம் ரசம் சோறு. சாயந்தரம் மறுபடி சீஸ். பருப்பு பிள்ளைக்குப் பிடிக்கவில்லை, விட்டுவிட்டாள். பாலுக்கு நிகர்தானே, அது போதும் என்று.

"யாரு சொன்னா?" என்றேன்.

"இன்னாக்கா கேக்குற, நாந்தான தெனமும் ஒட்டுறேன்."

எனக்கு அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. இதைச் சொன்னால் அவள் மனசு உடையும். பாய்க்குத் தெரிந்தால் கோபம் வரும். படித்த மேடம் சொல்ல வேண்டியதை நான் ஏன் சொல்ல வேண்டும் என்றும் தோன்றியது. ஆனால் அந்தக் குழாய் நீலமாக நின்றதை நான் நினைக்கவில்லை, பார்த்தேன்.

"சித்ரா, அதுல சத்து இல்லடி. கிழங்கு மாவும் தேங்கா எண்ணெயும். நாந்தான கிண்டுறேன். வயிறு நெறையும், அவ்வளவுதான்."

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"அப்ப மூணு மாசமா எம் பொண்ணுக்கு நான் இன்னாதான் குடுத்துக்கினு இருந்தேன்?"

நான் பிள்ளையின் மணிக்கட்டைப் பார்த்தேன்.

"உனக்கு எப்பத்லேர்ந்து தெரியும்?" என்றாள்.

"மொதல்லேர்ந்து."

கையை எடுத்துக்கொண்டாள். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிள்ளையின் போர்வையைச் சரி செய்துகொண்டே, "பக்கத்துல ஒக்காந்து சோறு தின்ன ஜனம் நீ" என்று மட்டும் சொன்னாள். பிறகு டாக்டர் வந்தார். நானே வாய் திறந்து எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் பிள்ளையை எடை போட்டார். பால்தான் ஆகாது, முட்டை ஆகுமா என்று இங்கேயே கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். பருப்பு, வேர்க்கடலை, கேழ்வரகு, கீரை, மீன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சித்ரா தலையாட்டிக் கேட்டாள். என் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் நான் பாய் அறைக்குப் போனேன். அந்த அறைக்குள் நானாகப் போனது அதுதான் முதல் தடவை. மேடத்தையும் கூப்பிட்டேன். இரண்டு குழாயும் மயில்துத்தமும் எடுத்து வரச் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்து வந்தார்.

பாய் மேசைமேல் வைத்துச் செய்து காட்டினோம். ஒன்று கத்தரிப்பூ. ஒன்று நீலம்.

"இன்னாமா அஞ்சல இது, வித்த காட்டுறீங்க?" என்றார் பாய்.

"கலர் மாறுனதுல சத்து இருக்குதுங்க. மாறாததுமேலதான் நிகர்னு நம்ம லேபிள ஒட்டுறோங்க. நம்மகிட்ட வேலை செய்யற பொண்ணே அத நம்பி பிள்ளைக்கு முட்டைய நிறுத்திட்டாங்க. வெளிய எத்தினி பேரு நம்பறாங்களோ."

பாய் குழாயைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். விற்காமல் போய்விடுமே என்றார். விற்கும் என்றேன். பால் ஆகாதவர்களுக்கு, பால் வேண்டாம் என்று இருப்பவர்களுக்கு ருசிக்கு இது வேண்டும். இல்லாததை இருக்கிறது என்று சொன்னால்தான் ஒருநாள் விற்காது. இதை நான்தான் சொன்னேனா என்று இப்போதும் எனக்கு ஆச்சரியம். மேடம் பக்கத்தில் நின்று, "அஞ்சலைம்மா சொல்றது பார்த்தது சார்" என்றார். வரியை எடுக்கச் சொல்லிவிட்டார் பாய்.

அதன் பிறகுதான் மேடம் முந்திரியும் சோயாவும் அரைத்து, சுண்ணாம்புச் சத்துச் சேர்த்து இன்னொரு வகை போட்டார். அதில் குழாய் நிறம் மாறும். பால் சீஸுக்கு முழுக்க ஈடு என்று அதையும் சொல்ல மாட்டேன், ஆனால் வெறும் மாவு இல்லை. ஆகவே, கேட்ட பெண்ணுக்கு என் பதில் இது. புரதமும் சுண்ணாம்பும் வேண்டுமென்றால் பால் சீஸ்தான். ஆனால் அதில் உப்பும் கொழுப்பும் ஜாஸ்தி, அளவாகச் சாப்பிட வேண்டும். பாலே ஆகாதவர்களுக்கு அது விஷம். பாலில்லாத சீஸில் கொலஸ்ட்ரால் இல்லை என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்வார், நிஜம்தான். தேங்காய் எண்ணெயின் கெட்டிக் கொழுப்பு நிறைய உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். முந்திரியில் செய்ததா, மாவில் செய்ததா என்று பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கு என்று வாங்க வந்தால் இன்னும் ஒரு வார்த்தை கூடவே பேசுங்கள். வெட்கப்பட்டு நிற்காதீர்கள்.

யாழினிக்கு முட்டை ஒத்துக்கொண்டது. இப்போது மூன்றாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்து ஓட்டத்தில் ஜெயித்து டிபன் டப்பா பரிசு வாங்கினாள் என்று கேள்வி.

ஒரு வாரம் கழித்து சித்ரா வேலைக்குத் திரும்பினாள். பழைய லேபிள் இரண்டு பெட்டி நிறைய மிச்சம் இருந்தது. புதிது அச்சாகி வரும்வரை அந்தப் பச்சை வரியை அழித்து ஒட்டலாமா, குப்பையில் போடலாமா என்று பாய் கேட்டார். அழித்து ஒட்டுகிறேன் என்று சித்ரா வாங்கிக்கொண்டாள். கறுப்பு மார்க்கர் எடுத்துவந்து உட்கார்ந்தாள். நானும் ஒரு மார்க்கரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காரப் போனேன். என்ன சொல்வாளோ என்று நின்றேன். ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஆனால் பெட்டியைக் காலால் கொஞ்சம் என் பக்கம் தள்ளினாள். அன்று முழுக்க இரண்டு பேரும் பேசாமல், ஒரு எழுத்துக்கூட வெளியே தெரியாமல், ஒவ்வொன்றாக அடித்தோம்.